பள்ளி நேரத்தில் டிப்பர் லாரிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையை அடுத்த தாழம்பூரில், எங்கள் தெருக்கோடியில் எழும்பிவரும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிவரும் டிப்பர் லாரிகள், பள்ளி வேன்கள் வரும் அதே காலை வேளையில், இரண்டு வண்டிகள் ஒதுங்கவே இடமில்லாத சாலையில் வரிசைகட்டி நுழைகின்றன. சென்ற வாரம், தார்ப்பாய் போர்த்தாத லாரியிலிருந்து சிந்திய ஈர மணலில், மகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற தாய் ஒருவரின் ஸ்கூட்டர் சறுக்கியது. குழந்தையின் சாப்பாட்டுப் பை, பின்னால் வந்த லாரியின் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்ததை நான் கண்ணால் கண்டேன். இன்னும் மனம் பதறுகிறது.

வீடு கட்டுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. நாங்களும் இப்படிக் கட்டப்பட்ட வீடுகளுக்குக் குடிவந்தவர்களே. கையெழுத்துத் திரட்டி நாங்கள் அளித்துள்ள மனுவில் கேட்டிருப்பவை சட்டம் இடம் தருபவைதாம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 115-ஆவது பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்பு கருதி ஒரு சாலையில் குறிப்பிட்ட வகை வாகனங்களைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. அதன்படி பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் கனரக வாகனங்களைத் தடுத்து நிறுத்தலாம். அதிகப் பாரம் ஏற்றினால் 194-ஆவது பிரிவின்கீழ் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு என்பதால், இங்கே எடைச் சோதனையும் நடத்த வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் குடியிருப்புப் பகுதியில் ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று விதி இருந்தும், நள்ளிரவில் கம்பிக் கட்டுகளைத் தடாலெனத் தள்ளிவிடுகிறார்கள்.

கட்டுமான வாசலில் லாரிச் சக்கரங்களைக் கழுவிவிடும் ஏற்பாட்டையாவது, சாலை சேறாகும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே செய்ய அதிகாரிகள் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
தாழம்பூர் வாசகர்