1963-க்கு முன்பும் ஜெர்மனியில் பந்து உருண்டது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் ஜெர்மன் கால்பந்து லீக் பற்றி அரைப் பக்கத்துக்குக் கட்டுரை வந்திருந்தது. கிரிக்கெட் இல்லாத விளையாட்டுப் பக்கம் எனக்கெல்லாம் பண்டிகை மாதிரி, அதற்கு முதலில் நன்றி. ஆனால் "1963-ல் தொடங்கிய ஜெர்மன் லீக்" என்று ஆரம்பித்த கட்டுரை, கீழே "ஜெர்மன் சாம்பியன்கள்" என்று கட்டம் கட்டிப் போட்ட பட்டியலில் கைசர்ஸ்லௌட்டர்ன் அணிக்கு 2 பட்டம், நியூரம்பெர்க் அணிக்கு 1 பட்டம் என்று கணக்கு எழுதியிருக்கிறது. அங்கேதான் தகராறு. கைசர்ஸ்லௌட்டர்ன் ஜெர்மன் சாம்பியன் ஆனது 4 முறை, நியூரம்பெர்க் 9 முறை. கைசர்ஸ்லௌட்டர்ன் வென்றதில் 1991, 1998 இரண்டையும் எண்ணிவிட்டு 1951, 1953 இரண்டையும் அப்படியே விட்டுவிட்டீர்கள்.

1963-ல் தொடங்கியது பண்டஸ்லிகா என்ற ஒரே தேசிய லீக் மட்டும்தான். அதற்கு முன் மேற்கு ஜெர்மனியில் ஒரே லீக் கிடையாது, ஓபர்லிகா என்ற பெயரில் வடக்கு, மேற்கு, தெற்கு, தென்மேற்கு, பெர்லின் என்று ஐந்து வட்டார லீக்குகள் இருந்தன. போர் முடிந்து நேச நாடுகள் நாட்டைக் கூறுபோட்டு வைத்திருந்த காலத்தில் அந்தந்தப் பகுதிக்குள்ளேயே ஆட வேண்டியிருந்ததால் வந்த ஏற்பாடு அது. சீசன் முடிந்ததும் ஒவ்வொரு லீக்கிலும் முன்னணியில் வந்தவர்கள் தங்களுக்குள் மோதி, கடைசியில் ஒரு இறுதிப்போட்டி ஆடி ஜெர்மன் சாம்பியனைத் தீர்மானிப்பார்கள். போருக்குப் பிறகு முதல் இறுதிப்போட்டி 1948-ல் நடந்தது, அதில் நியூரம்பெர்க் 2-1 என்று கைசர்ஸ்லௌட்டர்னை வென்றது. உங்கள் கட்டத்துக்குள் வராத பட்டங்களில் அதுவும் ஒன்று.

இந்த ஐந்தில் எனக்குப் பிடித்தது தென்மேற்கு ஓபர்லிகா. பிரெஞ்சு ராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி அது. பெரிய நகரங்கள் இல்லை, பணமும் இல்லை. உள்ளதைச் சொன்னால் லீக்காகப் பார்த்தால் அது கொஞ்சம் ஒருதலைப்பட்சமானதுதான், 1946 முதல் 1963 வரை 18 சாம்பியன்கள், அதில் 11 முறை கைசர்ஸ்லௌட்டர்ன். மிச்சத்தை சார்ப்ருக்கன் மூன்று, செருப்புத் தொழில் ஊரான பிர்மசென்ஸ் தொடர்ந்து மூன்று, நொயன்கிர்ஷன் ஒன்று என்று பிரித்துக்கொண்டார்கள். மேற்கு ஓபர்லிகாவில் டார்ட்முண்ட், ஷால்கே, எஸ்ஸன், கொலோன் என்று வருஷத்துக்கு ஒரு அடிதடி நடக்கும், இங்கே பாதி வருஷங்களில் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஆனால் அந்தச் சின்ன லீக்கிலிருந்துதான் 1954 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் ஆடிய ஜெர்மன் அணியின் பதினொரு பேரில் ஐந்து பேர் வந்தார்கள். ஃபிரிட்ஸ் வால்டர், அவர் தம்பி ஓட்மார் வால்டர், கோல்மேயர், லீப்ரிஷ், எக்கல், ஐவருமே கைசர்ஸ்லௌட்டர்ன். அதே வருஷம் மே மாதம் ஜெர்மன் சாம்பியன் இறுதிப்போட்டியில் இவர்களின் கிளப் ஹனோவர் அணியிடம் 5-1 என்று உதை வாங்கியது, இந்த லட்சணத்தில் இத்தனை பேரை ஏன் உலகக் கோப்பைக்குக் கூட்டிப் போகிறார் என்று பயிற்சியாளர் ஹெர்பெர்கரைப் பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. ஆறு வாரம் கழித்து, ஜூலை 4-ம் தேதி, பெர்ன் நகரில் அதே ஐவரும் சேர்ந்த அணி ஹங்கேரியை 3-2 என்று வீழ்த்தியது. இவர்களுக்குக் கிளப்பில் கிடைத்த சம்பளம் எவ்வளவு தெரியுமா? ஒப்பந்த ஆட்டக்காரருக்கு மாதம் அதிகபட்சம் 320 மார்க் என்று விதி. அதனால்தான் ஓட்மார் பெட்ரோல் பங்க் நடத்தினார், அண்ணன் சலவைக் கடையும் சினிமா தியேட்டரும் வைத்திருந்தார். மாட்ரிட்டிலிருந்து பெரும் பணத்தோடு கூப்பிட்டும் அவர் ஊரை விட்டுப் போகவில்லை.

அப்புறம் சார்லாந்து கதை. அதை எழுதாமல் விட எனக்கு மனசு வரவில்லை, இடம் இல்லையென்றால் வேறு எதையாவது வெட்டிக்கொள்ளுங்கள். போருக்குப் பின் பிரான்ஸ், சார்ப்ருக்கன் ஊர் இருக்கும் சார்லாந்து வட்டாரத்தை ஜெர்மனியிலிருந்து பிரித்துத் தன் பிடிக்குள் வைத்துக்கொண்டது. தென்மேற்கு லீக்கின் முதல் சாம்பியனான சார்ப்ருக்கன் 1948-ல் அந்த லீக்கையே விட்டுப் போய் பிரெஞ்சு இரண்டாம் டிவிஷனில் ஆட வேண்டியதாயிற்று, அதுவும் புள்ளிப்பட்டியலில் சேர்க்கப்படாத விருந்தாளியாக. விருந்தாளி எல்லோரையும் முந்திக்கொண்டு முதலிடத்துக்கு வந்துவிட்டார்! சரி, இனி முறைப்படி சேர்த்துக்கொள்வார்கள் என்று பார்த்தால் பிரெஞ்சுக் கிளப்புகள் ஓட்டுப் போட்டு வெளியே தள்ளின. சேர்த்துக்கொள்ளலாம் என்ற பக்கம் நின்ற ஜூல் ரிமே, ஆமாம் பழைய உலகக் கோப்பைக்கே பெயராக இருந்தவர், இந்தச் சண்டையில் பிரெஞ்சு சங்கத் தலைவர் பதவியையே விட்டார். 1951-ல் சார்ப்ருக்கன் தென்மேற்கு ஓபர்லிகாவுக்குத் திரும்பியது, வந்த கையோடு 1952-ல் லீக் பட்டத்தையும் வென்று, ஜெர்மன் இறுதிப்போட்டி வரை போய் ஸ்டுட்கார்ட்டிடம் 3-2 என்று தோற்றது.

இதில் வேடிக்கை என்னவென்றால் கிளப் ஜெர்மன் லீக்குக்கு வந்துவிட்டது, ஊர் வரவில்லை. சார்லாந்துக்குத் தனியாக ஃபிஃபா உறுப்பினர் தகுதி, தனி தேசிய அணி. 1954 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் அதை மேற்கு ஜெர்மனியும் நார்வேயும் இருந்த பிரிவில் போட்டார்கள், அந்த அணி ஆஸ்லோவுக்குப் போய் நார்வேயை 3-2 என்று அடித்துவிட்டு வந்தது. ஜெர்மனியிடம் இரண்டு முறையும் தோற்றது. அந்தச் சார்லாந்து அணியின் பயிற்சியாளர் ஹெல்முட் ஷோன், 1974-ல் மேற்கு ஜெர்மனிக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த அதே மனிதர். 1955-ல் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை முதன்முதலாக நடந்தபோது சார்லாந்து சார்பில் போன சார்ப்ருக்கன் மிலான் அணியை அவர்கள் ஊரிலேயே 4-3 என்று வென்றது. சொந்த ஊரில் 4-1 என்று தோற்று வெளியேறியது வேறு விஷயம். அதே வருஷம் அக்டோபரில்தான் சார்லாந்து மக்கள் தனி அந்தஸ்து வேண்டாம் என்று வாக்களித்திருந்தார்கள், 1957 ஜனவரி 1 முதல் அது மறுபடி ஜெர்மனி.

இந்த வட்டார லீக்குகளை மூடியதும் சண்டை இல்லாமல் நடக்கவில்லை. 1962 ஜூலை 28-ல் டார்ட்முண்ட் நகரில் கூடிய ஜெர்மன் கால்பந்து சங்கம் 103-க்கு 26 என்ற ஓட்டில் ஒரே லீக் என்று முடிவெடுத்தது. 46 கிளப்புகள் மனுப் போட்டன, இடம் 16 பேருக்குத்தான், தென்மேற்குக்கு இரண்டே இரண்டு. அடுத்த ஜனவரியில் முதல் ஒன்பது பெயர்களை அறிவித்தபோது அதில் சார்ப்ருக்கன் இருக்கிறது, கைசர்ஸ்லௌட்டர்ன் இல்லை! அந்த சீசனில் லீக்கில் முதலிடம் கைசர்ஸ்லௌட்டர்ன், இரண்டாவது நொயன்கிர்ஷன். கைசர்ஸ்லௌட்டர்னுக்குப் பிறகாவது இடம் கிடைத்தது, நொயன்கிர்ஷனுக்கும் மூன்று முறை சாம்பியனான பிர்மசென்ஸுக்கும் கைவிரிப்புதான். தேர்வுக் குழுவில் இருந்த ஹெர்மன் நொய்பெர்கர் சார்லாந்துக்காரர், சார்ப்ருக்கன் கிளப்போடு தொடர்புடையவர் என்று அப்போதே முணுமுணுப்பு எழுந்தது, இன்றும் அங்கே பழைய ரசிகர்கள் அதை விடுவதாக இல்லை. பல வருடக் கணக்கை வைத்துப் புள்ளி போட்டுத்தான் தேர்ந்தெடுத்தோம் என்பது சங்கத்தின் பதில். எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை, ஏனென்றால் முதல் பண்டஸ்லிகா சீசனில் சார்ப்ருக்கன் 16-வது இடம், அதாவது கடைசி. அது கீழ் டிவிஷனுக்கு இறங்கிய அதே கோடையில் தகுதிச்சுற்றில் பேயர்ன் மியூனிக்கையே பின்னுக்குத் தள்ளிவிட்டு மேலே ஏறி வந்தது யார்? நொயன்கிர்ஷன்.

உங்கள் கட்டுரையாளர் கடைசிப் பத்தியில் 2024 ஜெர்மன் கோப்பை அரையிறுதியை "இரண்டு சாதாரண அணிகளின் மோதல்" என்று ஒரே வரியில் தாண்டிப் போனதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத உட்கார வைத்தது. மூன்றாம் டிவிஷனில் இருந்துகொண்டு பேயர்னை 2-1 என்று வெளியேற்றிவிட்டு வந்த சார்ப்ருக்கனும், இரண்டாம் டிவிஷனில் தத்தளித்துக்கொண்டிருந்த கைசர்ஸ்லௌட்டர்னும் ஆடிய ஆட்டம் அது. தென்மேற்கு ஓபர்லிகாவின் முதல் சாம்பியனும் கடைசி சாம்பியனும். 2-0 என்று கைசர்ஸ்லௌட்டர்ன் ஜெயித்தது, பழைய வழக்கப்படியே.

அந்தக் கட்டத்தை மட்டும் அடுத்த ஞாயிறு திருத்திப் போட்டுவிடுங்கள். கைசர்ஸ்லௌட்டர்ன் 4, நியூரம்பெர்க் 9. இல்லையென்றால் தலைப்பை "பண்டஸ்லிகா சாம்பியன்கள்" என்று மாற்றினாலும் போதும், பட்டியலை நான் குறை சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்