தம்பிக்கு: படகை அனுப்பப்போவதில்லை

தம்பி,

நாம் சேர்ந்து ஆரம்பித்த அந்த ரிமோட் படகை அனுப்பமாட்டேன். உன் பையனுக்கு வேண்டும் என்று நீ போனில் கேட்டபோது ஆடிப்பெருக்கு முடியட்டும், பார்க்கலாம் என்று இழுத்தேன். நேற்றோடு அதுவும் முடிந்தது. ஓடம்போக்கிப் படித்துறையில் காப்பரிசியைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன். போனில் சொன்னால் பேசிப் பேசியே மனசை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அதனால் தென்னந்தோப்பைப் பற்றி இதில் ஒரு வரிகூட வராது.

பையன் ஆசைப்படுகிறான் என்கிறாய். அவனுக்கு இல்லாதது என்னிடம் என்ன இருக்கிறது? ஆனால் அது பெட்டியைப் பிரித்ததும் தண்ணீரில் விடுகிற பொம்மை இல்லையே. பால்சா என்கிற லேசான மரப் பட்டிகளைத் தண்ணீரில் ஊறவைத்து வளைத்து, வலது பக்கம் ஒன்று ஒட்டினால் உடனே இடது பக்கம் ஒன்று ஒட்ட வேண்டும், ஒரே பக்கமாகப் போனால் அடிக்கட்டை முறுக்கிக்கொள்ளும் என்று சொல்லிக்கொடுத்தது நீ. பட்டி பட்டியாக உட்கார்ந்து ஒட்டியதும், உப்புத்தாள் போட்டு இழைத்ததும் நான்.

மோட்டாரிலிருந்து ப்ரொப்பெல்லருக்குப் போகிற ஷாஃப்ட் கம்பிக்குக் குழாய் வைத்த ராத்திரி உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க நினைப்பேன், கேட்டதில்லை. மோட்டாரும் ஷாஃப்ட்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், கொஞ்சம் விலகினாலும் படகு முழுக்க அதிரும், மோட்டார் சூடாகும், பேட்டரியை வீணாகக் குடிக்கும். ஐந்து நிமிடத்தில் இறுகுகிற எபாக்சிப் பசையைக் கலந்து தடவியதும் கரண்ட் போய்விட்டது. நீ குழாயை இரண்டு விரலால் பிடித்திருந்தாய், நான் டார்ச் அடித்தேன். உன் கட்டைவிரல் மேல் ஒரு கொசு வந்து உட்கார்ந்து ரத்தம் குடித்து வயிறு சிவந்து உப்புகிற வரைக்கும் நீ அசையவில்லை. கூடத்தில் அப்பா இருமிக்கொண்டிருந்தார். குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அக்கா, வேலை கிடைச்சிருச்சு, திங்கக்கிழமை கிளம்பணும்" என்றாய். நான் சொன்ன பதில், "ஆடாம பிடி."

அன்றைக்கு வாயாரச் சந்தோஷப்பட்டு நாலு வார்த்தை சொல்லியிருந்தால் உனக்கு எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும். மன்னித்துக்கொள் தம்பி. பசை இறுகிக்கொண்டிருந்தது, வேறு வார்த்தை வரவில்லை. அப்பாவை இனி யார் பார்த்துக்கொள்வது என்று நீயும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. நான் இருக்கிறேன் என்று உனக்குள் நீயே முடிவு செய்துகொண்டாய். 1898-ல் டெஸ்லா என்கிற விஞ்ஞானி நியூயார்க்கில் ஒரு தொட்டித் தண்ணீரில் கம்பியில்லாமல் படகு ஓட்டிக் காட்டியதை அப்பாவுக்கு அவ்வளவு பொறுமையாக விளக்கத் தெரிந்த பிள்ளை நீ. அதே பொறுமையோடு வாரம் ஒருமுறை அவருக்குப் போன் பண்ணியிருக்கலாம்.

மிச்ச வேலையெல்லாம் நீ போன பிறகுதான். குழாய்க்குள் தண்ணீர் ஏறாமல் கிரீஸ் அடைத்தேன். தண்ணீருக்கடியில் சிக்னல் போகாது என்பதால் ரிசீவர் ஆன்டெனாவை நீர்மட்டத்துக்கு மேலே வருகிற மாதிரி ஒட்டினேன். கொல்லைச் சிமெண்ட் தொட்டியில் மிதக்கவிட்டால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. நாகப்பட்டினத்திலிருந்து வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளை வரவழைத்து, முன்பக்கம் ஒவ்வொன்றாக வைத்து வைத்து நேராக்கினேன். ஆற்றில் ஆகாயத்தாமரை, ப்ரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். அதனால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குட்டையில்தான் விட்டேன். அப்பா கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரிமோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "கமலாலயத் தெப்பம் மாதிரி மெதுவா போகட்டும்டி" என்றார். அவர் கட்டைவிரலைப் பிடித்து நான்தான் தள்ளினேன். அது எப்படிப் போயிற்று என்று நீ வந்தால் சொல்கிறேன், இங்கே எழுத முடியவில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் வந்த ராத்திரி ஓடு பறந்துகொண்டிருக்கும்போது படகைத் தார்ப்பாயில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தவளும் நான். லைன் கிடைத்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, மரம் எத்தனை விழுந்தது. சரி, தோப்பைப் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். விடு.

நீ கெட்டவன் என்று யாரும் இதைப் படித்துவிட்டு நினைக்க வேண்டாம். அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நீ கொடுத்தது, அதை மறந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் பணம் அனுப்பியதால் படகு உன் பங்கில் வராது.

பையனுக்குப் புதுக் கிட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதையும் பார்சலில் போடமாட்டேன். பரீட்சை முடிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு வா, திண்ணையில் உட்கார்ந்து மூன்று பேரும் ஒட்டுவோம். ரெண்டு நாளில் திரும்பணும் என்றால் வராதே, பட்டி காயவே நேரம் பத்தாது. வரும்போது சுக்கானைத் திருப்புகிற சர்வோ மோட்டார் மட்டும் நல்லதாகப் பார்த்து நீயே வாங்கிக்கொண்டு வா. அந்தப் பத்திரக் கையெழுத்து வேறு விஷயம். அதை இதோடு முடிச்சுப் போடாதே, நானும் போடமாட்டேன்.

அக்கா
திருவாரூர்