மீட்டர் கணக்கை வெளியிடுங்கள்: மின் ஒழுங்குமுறை ஆணையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். 2024 தொடக்கத்தில் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் கிரிப்டோ சுரங்கங்களிடம் (பிட்காயின் போன்ற எண்ம நாணயங்களை ஈட்டக் கணினிகளை ஓட்டும் நிலையங்கள்) மின்நுகர்வுக் கணக்கைக் கட்டாயமாகக் கேட்டதும், தொழில் தரப்பு வழக்குப் போட்டதும், சில வாரங்களிலேயே கணக்கெடுப்பைக் கைவிட்டு வந்த தரவையும் அழிக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டதும் தாங்கள் அறிந்ததே. இன்றும் சுரங்கத் தரப்பும் அதை எதிர்ப்போரும் மதிப்பீடுகளை வைத்தே மல்லுக்கட்டுகின்றன.

உலக மின்நுகர்வில் பிட்காயினின் பங்கு ஏறக்குறைய அரை சதவீதம்தான், சிமெண்ட் ஆலைகளைப் பாருங்கள், உலகக் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் அவர்களுடையது என்கிறார்கள் சுரங்கக்காரர்கள். மின்சாரப் பங்கையும் புகைப் பங்கையும் ஒரே தராசில் போடுகிறார்கள். எதிர்த்தரப்பும் சளைத்ததல்ல. ஒரு பரிவர்த்தனைக்கு இத்தனை யூனிட் என்று வகுத்துக் காட்டுகிறது. மின்சாரம் செலவாவது, பரிவர்த்தனைகளின் தொகுப்பான ‘பிளாக்’கைப் பதிவேட்டில் முதலில் சேர்ப்பவருக்குக் கிடைக்கும் பரிசுக்கான போட்டியில். பிளாக் காலியாகப் போனாலும் இயந்திரம் அதே வாட்டைத்தான் இழுக்கும்.

புதிய இயந்திரம் சிக்கனமானது என்பதும் பாதி உண்மை. ஆன்ட்மைனர் எஸ்9 என்ற பழைய சுரங்க இயந்திரம் ஒரு டெராஹாஷுக்கு, அதாவது லட்சம் கோடி கணிப்பு முயற்சிகளுக்கு, சுமார் 98 ஜூல் எடுத்தது; புதிய எஸ்21க்கு 17.5 போதும். மொத்த நுகர்வு குறைந்ததா? 2,016 பிளாக்குக்கு ஒருமுறை, அதாவது சுமார் இரண்டு வாரத்தில், இயந்திரங்களின் மொத்த வேகத்துக்கு ஏற்பப் போட்டியின் கடினத்தன்மை திருத்தப்படுகிறது. மிச்சம் பிடித்ததைப் புதிதாக வந்து சேரும் இயந்திரங்கள் விழுங்கிவிடுகின்றன.

எஸ்21 ஒன்று 3,500 வாட், நாளுக்கு 84 யூனிட். சில ஆண்டுகளில் காலாவதியாகும் முதலீடு என்பதால் சாதாரண நாட்களில் அணைத்து வைத்தால் நட்டம். ஒவ்வொன்றும் சுமார் 75 டெசிபல் இரைச்சலோடு ஆயிரக்கணக்கில் ராப்பகலாக ஓடுகின்றன. வேலிக்கு அப்பால் குடியிருப்பவருக்கு அவை எப்போது ஓடுகின்றன என்பது காதாலேயே தெரியும். எத்தனை யூனிட் என்று கேட்டால் மட்டும் ‘வணிக ரகசியம்’. ஆண்டுக் கணக்கில் வாங்கிய சூரிய மின் சான்றிதழ் ஒன்று இருந்தால், நண்பகலின் உபரி யூனிட்டை நள்ளிரவில் எரிந்த நிலக்கரியின் தலையில் ஒட்டிவிடலாம். இரவு இரண்டு மணிக்கு இந்தச் சுமைக்காக எந்த மின்நிலையம் கூடுதலாக எரிந்தது என்பதற்கு, மணிவாரி மீட்டர் கணக்கு இல்லாமல் விடை கிடையாது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் 2025 ஆய்வு, பிட்காயின் சுரங்கங்களின் மின்சாரத்தில், அணுமின்சாரமும் சேர்த்து, 52.4 சதவீதம் நிலைத்த ஆற்றல் என்கிறது. அது 49 நிறுவனங்கள் தாமே தந்த பதில். ஆய்வாளர்களைக் குறை சொல்ல மாட்டோம். கெஞ்சிக் கேட்டு வாங்கும் நிலையில் அவர்களை விட்டிருப்பது தாங்கள்தான்.

2023 ஆகஸ்டில் டெக்சாஸ் சுரங்க நிறுவனம் ஒன்றுக்கு, மின்நுகர்வைக் குறைத்ததற்கான மின்வரவாகக் கிடைத்தது 3.17 கோடி டாலர், அந்த மாதம் தோண்டிய பிட்காயினின் மதிப்பைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். அணைத்து வைத்தால் இவ்வளவு வருமானம் வரும் தொழிலில் எத்தனை மெகாவாட் அணைந்தது என்று கேட்பதுகூட மரியாதைக் குறைவோ?

மன்னிக்கவும், கோரிக்கைக்கு வருகிறோம். பெரும் நுகர்வோரின் மீட்டர்கள் 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை பதிகின்றன. கட்டணம் போடுவதே அதை வைத்துத்தான். சொந்த எரிவாயு ஜெனரேட்டரில் ஓடும் இடங்களில் ஜெனரேட்டர் முனையிலேயே மீட்டரும், எரிபொருள் அளவும் தேவை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கும் இதே விதி வரட்டும், எங்களுக்கு ஆட்சேபமில்லை. மணிவாரி மீட்டர் கணக்கை மாதந்தோறும் வெளியிட ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். நிறுவனத்தின் பெயரை வேண்டுமானால் மறைத்துக்கொள்ளுங்கள். எந்தத் துணைமின் நிலையம் என்று இருந்தால் போதும்.

இப்படிக்கு,
மின்கட்டமைப்புக் கணக்குப் பார்ப்போர் சிலர்