காக்கைவன்னியனை எப்படி வரைவது?

ஆசிரியர் அவர்கட்கு,

வில்லனின் பூர்வகதையைச் சித்திர நாவலாக்கினால் பிள்ளைகள் அவனுக்காக இரங்கி, அவன் செய்ததையும் சரியென்று எண்ணிவிடுவார்கள் என்று சென்ற ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வன்னி மன்னன் பண்டாரவன்னியனை வெள்ளைக்காரருக்குக் காட்டிக்கொடுத்தவன் என்று கதைகள் சொல்லும் காக்கைவன்னியனை வரையத் தொடங்கியிருக்கும் எங்கள் பகுதி இளைஞர்களுக்கும் இது பொருந்தும். அவருடைய பயம் நியாயமானது. ஆனால் பிழை கதையில் இல்லை, கட்டங்களை அடுக்கும் விதத்தில்தான் வருகிறது.

இரண்டு கட்டங்களை அடுத்தடுத்து வைத்தால், நடுவில் விடும் வெள்ளை இடைவெளியை வாசகர் மனம் 'அதனால்' என்று வாசித்துவிடும். நாடகங்களில் வருவதுபோல, பண்டாரவன்னியனின் தங்கையைப் பெண்கேட்டு அவமானப்பட்டுத் திரும்புகிறான் காக்கைவன்னியன். அடுத்த கட்டத்திலேயே வெள்ளைக்காரனின் கூடாரத்தில் நிற்கிறான். ஒரு சொல்லும் எழுதாமலே அவனுக்கு மன்னிப்புக் கொடுத்தாயிற்று.

பேட்மேன் சித்திரக்கதைகளின் வில்லனாக 1940இல் அறிமுகமான ஜோக்கருக்கு 1951இல்தான் பூர்வகதை வந்தது: சிவப்பு முகமூடித் திருடனாக இருந்தவன் இரசாயனத் தொட்டியில் விழுந்தான். 1988இல் அலன் மூரும் பிரையன் பொலண்டும் 'த கில்லிங் ஜோக்' என்ற சித்திர நாவலில் அதை மாற்றி, பிழைக்க வழியில்லாத நகைச்சுவைக் கலைஞனாகவும் கர்ப்பிணி மனைவியை இழந்தவனாகவும் காட்டினார்கள். இரக்கம் வரத்தான் செய்கிறது. ஆனாலும் அதே புத்தகத்தில் பொலிஸ் ஆணையாளர் கோர்டனும் கொடுமையாக வதைக்கப்படுகிறார். அவர் உடையவில்லை, சட்டப்படியே அவனைப் பிடிக்க வேண்டும் என்கிறார். போதாதற்கு, தன் கடந்தகாலம் ஒவ்வொரு நேரம் ஒவ்வொரு விதமாக நினைவுக்கு வருகிறது என்று ஜோக்கரே சொல்லிவிடுகிறான்.

காக்கைவன்னியனுக்கும் இப்படி ஒருவர் வேண்டும்: அதே அவமானத்தைப் பட்டும் காட்டிக்கொடுக்காத ஒருவர். அவமானத்துக்கும் துரோகத்துக்கும் இடையில் நான்கு பக்கமாவது அந்த ஆளுக்குக் கொடுங்கள். துரோகக் காட்சியை இரட்டை எண் பக்கத்தில், உதாரணமாக 18இல், வையுங்கள். அது தாள் புரட்டியதும் இடப்பக்கத்தில் தெரியும். 17இல் வைத்தால் 16ஐ வாசிக்கும்போதே கண் அதைப் பார்த்துவிடும். அந்தப் பக்கத்தில் விளக்கவுரை வேண்டாம். பாதையைக் காட்டும் அவன் விரல் போதும்.

கறுப்பு வெள்ளையில் அச்சடிப்பவர்கள் கடந்தகாலத்தை மெல்லிய கோட்டில், கட்டத்துக்குச் சட்டம் போடாமல் வரையலாம். நீர்வர்ணச் சாம்பல் போடவேண்டாம், போட்டோக்கொப்பியில் திட்டுத்திட்டாகும். கோடுகளை நெருக்கிப் போட்டு நிழல் காட்டுங்கள். ஏ4இல் வரைந்து ஏ5க்குச் சுருக்கினால் 0.3 மில்லிமீற்றர் கோடு 0.2 ஆகிவிடும், அதைவிட மெல்லிய பேனை வேண்டாம். ஸ்கான் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி). நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 32 பக்கம் தொடக்கத்துக்குப் போதும்.

அதிகம் கெடுவது எழுத்துத்தான். 'காட்டிக்கொடுத்துவிட்டான்' என்ற ஒரே சொல் ஒரு வரியை அடைத்துவிடும். முதலில் வசனத்தை எழுதி, பிறகு அதைச் சுற்றிக் குமிழை வரையுங்கள். ஒரு கட்டத்துக்குப் 15 சொல் தாண்டாதிருக்கட்டும். கணினியில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய வசனம் வேறு கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். யுனிகோட்டில் தட்டுங்கள். பழைய போட்டோஷொப்பில் தெற்காசிய எழுத்துக்கான தெரிவைப் போடாவிட்டால் கொம்பு இடம்மாறி நிற்கும்.

1803இல் தகரக் கூரை இல்லை. துவக்கு சக்கிமுக்கிக் கல்லில் வெடிப்பது. காடென்றால் பாலை, வீரை, முதிரை. கற்சிலைமடு நினைவுக்கல் சொல்வது, 31.10.1803இல் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதையே. காக்கைவன்னியனின் மனதுக்குள் நடந்ததெல்லாம் கற்பனை என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டுவிடுங்கள்.

ஞாயிறு இதழில் இந்த இளைஞர்களுக்கு வாரம் அரைப்பக்கம் ஒதுக்குமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறோம். பத்திரிகைத் தாளில் மை பரவும் என்பதால் ஆறு கட்டத்துக்கு மேல் வேண்டாம்.

சித்திரப் பாட ஆசிரியர்கள் சிலர்,
ஒட்டுசுட்டான்.