எத்தனை சிடி என்று பார்த்துச் சொல்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வேலை அதிகம் என்று சாக்குச் சொல்லலாம், ஆனால் உண்மையில் உன் மேல் கொஞ்சம் கோபம். கோல்டியின் 'டைம்லெஸ்' ஆல்பத்தை, அதாவது வேகமான டிரம்மும் பேஸ் என்கிற கனத்த தாழ் ஒலியும் சேர்ந்த நம் டிரம் அண்ட் பேஸ் இசையை, இத்தனை வருடம் கழித்துத் திரும்பப் போட்டாயாம், தையல் மெஷின் ஓடும்போது பக்கத்தில் யாரோ பாடுகிற மாதிரி இருந்ததாம், மூன்றாவது பாட்டோடு நிறுத்திவிட்டாயாம். படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தவன்தான், இன்றைக்குத்தான் மறுபடி எடுத்தேன்.

முதலில் என் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதமாக இடது காதில் ஒரு ரீங்காரம். பரிசோதனையில் அந்தக் காதுக்கு உச்ச ஸ்தாயி ஒலிகள் சரியாக எட்டவில்லை என்று தெரிந்தது. இரைச்சலான இடத்தில் வேலை பார்த்தீர்களா என்று டாக்டர் கேட்டார். இருபது வருடமாக ஹெட்போனுக்குள்ளேயே குடியிருந்ததை எப்படிச் சொல்வது? "கொஞ்சம் பாட்டுக் கேட்பேன்" என்றேன். அவர் நம்பவில்லை. பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை, நீ பதறாதே. ஆனால் இந்தக் காதால் ஒரு வேடிக்கை நடந்தது, அதைச் சொல்லத்தான் இத்தனை முன்னுரை.

பாட்டு கேட்பதைக் குறைத்துக்கொள்ளச் சொன்னதால், ஹெட்போனை எடுத்து வைத்துவிட்டு, பழைய பெரிய ஸ்பீக்கர்களில் சத்தம் குறைத்துக் கேட்க ஆரம்பித்தேன். டிரம் செட்டில் ஜோடித் தட்டாக இருக்கும் ஹை-ஹாட்டின் 'ட்ஸ் ட்ஸ்' என் காதுக்கு மங்கிப் போனதில், அதுவரை முன்னால் நின்று கூத்தடித்துக்கொண்டிருந்த டிரம் பின்னால் போய், பேஸ் முன்னால் வந்துவிட்டது. அப்புறம்தான் கவனித்தேன்: இந்த இசை வேகமான இசையே இல்லை. டிரம் நிமிடத்துக்கு 170 அடி என்றால், பேஸ் அதில் பாதி, 85 அடி என்ற கணக்கில்தான் நடக்கிறது. நம் தாளக் கணக்கில் சொன்னால், பேஸ் முதல் காலத்தில் ஆற அமர நடந்துகொண்டிருக்க, டிரம் இரண்டாம் காலத்தில் சொற்கட்டு உதிர்த்துக்கொண்டிருக்கிறது. காலைத் தட்டிக்கொண்டு எதைத் தொடர்கிறாய் என்பதைப் பொறுத்து, ஒரே பாட்டு உனக்கு ஓட்டமாகவும் எனக்கு உலாவலாகவும் ஆகிவிடும். இதெல்லாம் படித்துத் தெரிந்த விஷயம்தான். காது கெட்ட பிறகுதான் உடம்புக்குப் புரிந்தது.

இப்போது உன் தையல் மெஷினுக்கு வருகிறேன். எதில் கேட்டாய் என்று நீ எழுதவில்லை. எழுதாவிட்டால் என்ன, அந்த லேப்டாப்பில்தான் கேட்டிருப்பாய். இந்தப் பாட்டுகளில் பேஸின் கனம் இருப்பது 40, 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம், காதுக்கு எட்டுகிற ஒலிகளில் மிகத் தாழ்ந்த மூலை. லேப்டாப்பின் குட்டி ஸ்பீக்கர் நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏதோ பேருக்கு முனகும், அவ்வளவுதான். ஆக, பாதி ஆல்பம் உன் அறைக்கு வந்து சேரவே இல்லை. வந்ததெல்லாம் டிரம்மும் பாடகியும். நீ எழுதியது தப்பே இல்லை, நீ கேட்டது அதைத்தான். கோபம் தணிந்தது இதை யோசித்தபோதுதான்.

அந்த முதல் பாட்டை மட்டுமாவது நல்ல ஸ்பீக்கரில் திரும்பக் கேள். 21 நிமிடம். 1995இல், மூன்றரை நிமிடத்துக்கு மேல் போனால் வானொலிக்காரர்கள் முகம் சுளிக்கிற காலத்தில், ஆல்பத்தின் வாசலிலேயே 21 நிமிடப் பாட்டைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு ஒரு திமிர் வேண்டும். கோல்டிக்கு அது இருந்தது. கிராஃபிட்டி வரைந்துகொண்டிருந்த மனிதர், கருவிகளைக் கையாள ராப் பிளேஃபோர்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் தலைக்குள் இருந்ததைச் சொல்லிச் சொல்லிச் செய்யவைத்தார் என்பார்கள். டயான் சார்ல்மேனின் குரல் வரும் இடத்தைக் கவனி. டிரம் எத்தனை துண்டாக நொறுங்கினாலும் அந்தக் குரல் அவசரப்படுவதே இல்லை, அது பேஸின் நடையில்தான் பாடுகிறது. இதுவரை அந்தக் குரலை டிரம் மேல் வைத்த அலங்காரம் என்று நினைத்திருந்தேன். என்ன மடத்தனம்! அந்த அம்மா 2015இல் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை முழுதாகக் கேட்க எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

மூன்றாவது பாட்டுக்கு மேல் போகாததற்கு நீ சொன்ன இன்னொரு குறை, "ஒவ்வொன்றும் தொடங்கவே ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறது" என்பது. இதில் நான் உன் பக்கம். டிரம் அண்ட் பேஸ் பிறந்து வளர்ந்தது ஆல்பத்தில் இல்லை, 12 அங்குல ரெக்கார்டில். ஆழமான பேஸைப் பதிக்க வரிப்பள்ளம் அகலமாக வேண்டும், அதனால் பக்கத்துக்கு ஒரே பாட்டு. அதையும் வீட்டில் கேட்க யாரும் வாங்கவில்லை, டிஜேக்கள் வாங்கினார்கள். முந்தைய பாட்டு முடிவதற்குள் அடுத்ததைக் கோத்து இழைக்க அவர்களுக்கு வெறும் டிரம் ஒரு நிமிடமாவது வேண்டும். கிளப்பில் அந்த ஒரு நிமிடம் உனக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் அப்போது நீ இன்னொரு பாட்டின் கடைசியில் ஆடிக்கொண்டிருப்பாய். அதே பாட்டுகளைப் பத்துப் பன்னிரண்டாக ஒரு சிடியில் அடுக்கி, இதுதான் ஆல்பம் என்றால், கதவே இல்லாமல் வரிசையாக வராந்தாக்கள் கட்டின வீடு மாதிரி ஆகிவிடும். ஆல்பம் என்ற பெயரில் வந்தவற்றில் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவைதான் என்பது என் எண்ணம். சண்டைக்கு வருகிறவர்கள் வரட்டும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். 'நியூ ஃபார்ம்ஸ்' ஞாபகம் இருக்கிறதா? 1997இல் ரோனி சைஸும் ரெப்ரசென்ட் குழுவும் அதற்கு மெர்க்குரி பரிசு (பிரிட்டனில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குக் கொடுப்பது) வாங்கியபோது நீ பேச்சையே நிறுத்திவிட்டாய். பட்டியலில் ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' இருந்தது, அதை விட்டுவிட்டு இதற்கா என்று. நான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன், 'பிரவுன் பேப்பர் பேக்' பாட்டில் அந்த டபுள் பேஸ் இறங்குகிற இடம் ஒன்று போதும், பரிசைக் கொடுக்கலாம். ஆனால் நம் சண்டையே விசித்திரமாக இருந்தது. நான் "இழுவை, பாதியை வெட்டியிருக்கலாம், இருந்தாலும் பெரிய ஆல்பம்" என்பேன். நீ "இழுவை எங்கே? கச்சிதமாகத்தான் இருக்கிறது, கச்சிதமான சின்ன ஆல்பம், அதுக்கு எதற்குப் பெரிய பரிசு?" என்பாய். குறை சொல்கிறவன் நான், வக்காலத்து வாங்குகிறவனும் நான். உன் பாராட்டோ வசவு மாதிரி இருக்கும்.

போன வாரம் ஸ்பீக்கரோடு பெட்டிகளையும் இறக்கினேன். உன்னிடம் கடன் வாங்கித் திருப்பித் தராத 'நியூ ஃபார்ம்ஸ்' அடியில் கிடந்தது (மன்னித்துக்கொள், அநேகமாக 1999இலிருந்து). திறந்து பார்த்தால் ஒரே சிடி! என்னுடையது இரண்டு சிடி, இரண்டு மணி நேரத்துக்கும் மேல். அந்த ஆல்பம் இரண்டு வடிவத்திலும் வந்தது என்பதே எனக்கு அதுவரை உறைக்கவில்லை. நாம் இருவரும் அத்தனை வருடம் வெவ்வேறு ஆல்பங்களைக் கேட்டுவிட்டு ஒன்றைப் பற்றிப் பேசுவதாக நினைத்துத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறோம்.

'டைம்லெஸ்' கூட இப்படித்தான், இரட்டை சிடியாகவும் ஒற்றை சிடியாகவும் வந்தது. சிடியில் 74 நிமிடம் இடம் இருந்ததும் ஒரு சாபம் என்று நினைக்கிறேன். இடம் இருந்தால் நிரப்பத்தானே தோன்றும். கோல்டியே 1998இல் 'சாட்டர்ன்ஸ் ரிட்டர்ன்' செய்தபோது முதல் சிடியை ஏறக்குறைய முழுவதும் ஒரே பாட்டுக்கு, ஒரு மணி நேர 'மதர்' பாட்டுக்கு, கொடுத்தார். ஆர்க்கெஸ்ட்ரா, தாயைப் பற்றிய வேதனை எல்லாம். விமர்சகர்கள் கிழித்தார்கள். நானும் முழுதாக இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறேன், உண்மையைச் சொன்னால் ஒன்றரை. ஆனாலும் அதை அகம்பாவம் என்று தள்ளுகிறவர்களோடு சேர மனம் வரவில்லை. பாதியில் டிரம் வந்து சேர்கிற இடத்தில் ஒரு மனிதன் மூச்சு விடுவது மாதிரி இருக்கிறது.

இந்த ஆல்பங்களைக் கேட்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நீ கேட்டிருந்தாய், அதற்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. 'பிளாக் சீக்ரெட் டெக்னாலஜி'யை எடுத்துக்கொள். 1995இல் 'எ கை கால்ட் ஜெரால்ட்' என்ற பெயரில் இசையமைப்பவர் வெளியிட்டது. பதிவு கலங்கல், எல்லாம் தண்ணீருக்கடியில் கேட்கிற மாதிரி இருக்கிறது என்று ஒரு கூட்டம் அன்றிலிருந்து புலம்புகிறது. பின்னால் ஒலியைத் துலக்கி மறுபதிப்பும் வந்தது. உடனே இன்னொரு கூட்டம், "கலங்கலில்தான் உயிரே இருந்தது" என்று கிளம்பியது. நான் இரண்டாவது கூட்டம், ஆனால் காதைப் பற்றி மேலே எழுதியதற்குப் பிறகு என் சாட்சி செல்லுமா தெரியவில்லை.

பெண்டுலம் என்ற குழு விஷயத்தில் சண்டை வேறு மாதிரி. ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து வந்தவர்கள், 2005இல் 'ஹோல்ட் யுவர் கலர்' போட்டபோது ரசிகர்கள் அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். 2008இல் 'இன் சிலிக்கோ'வில் கிடாரைக் கையில் எடுத்ததும் அதே ரசிகர்கள் துரோகி என்றார்கள். 2010இல் 'இம்மர்ஷன்' பிரிட்டன் பட்டியலில் முதலிடம் போனதும் அந்த வசவு இன்னும் கூடியது. எனக்கு 'இன் சிலிக்கோ' பிடிக்காது, ஆனால் அதைக் கேட்டுத்தான் பின்னோக்கிப் போய் ஃபோடெக் போன்ற பழைய இசையமைப்பாளரைக் கண்டுபிடித்தேன் என்று சொல்கிற இளசுகளைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

ஃபோடெக் என்றதும் ஒன்று. 'மோடஸ் ஆப்பரண்டி' (1997) எனக்கு அந்த நாளில் பனிக்கட்டி. ஒவ்வொரு டிரம் அடியும் தனித்தனியாகச் செதுக்கி வைத்தது, யாரும் உள்ளே இல்லாத வீடு. இப்போது சத்தம் குறைத்துக் கேட்டால் அதைப்போல ஒன்று இல்லை. 'கேஜேஇசட்' என்ற பாட்டில் பேஸ் யோசித்துக்கொண்டே நடக்கும். உனக்குப் பிடிக்கும், ஜாஸ் பிடித்தவன் நீ.

உன் மகள் நாள் முழுக்கப் போடுகிறாள் என்று எழுதினாயே, பிங்க்பாந்தரஸின் 'பிரேக் இட் ஆஃப்', அதில் ஓடுகிற டிரம்மும் பேஸும் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆடம் எஃப்பின் 'சர்க்கிள்ஸ்'. நம் காலத்துப் பாட்டு. அதே ஏழு நிமிடச் சங்கதியை இரண்டு நிமிடம்கூட இல்லாத பாட்டாகச் சுருக்கிவிட்டாள் அந்தப் பெண், வராந்தாவே கிடையாது, கதவைத் திறந்தால் நேராகக் கூடம். உனக்குப் பிடிக்காத எல்லாவற்றையும் வெட்டி எறிந்த டிரம் அண்ட் பேஸ் உன் வீட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. நியா ஆர்க்கைவ்ஸின் 'சைலன்ஸ் இஸ் லவுட்' (2024) ஆல்பத்தை உன் மகளுக்குப் போட்டுக் காட்டு.

இன்னொன்று, இது உனக்கு நிச்சயம் தெரியாது. டல்வின் சிங் 1997இல் தொகுத்த 'அனோகா', தபலாவும் இந்த டிரம்மும் கலந்த தொகுப்பு, அதில் ஏ.ஆர். ரகுமானின் 'மும்பை தீம்' இருக்கிறது. நான் அந்த சிடியை வாங்கின அன்றைக்குப் பின்னட்டையைப் படித்துவிட்டுக் கடையிலேயே சிரித்தேன்.

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றினாயா இல்லையா? எனக்கு அடுத்த மாதம் திரும்பக் காது பரிசோதனை. அதற்குள் ஒரு காரியம் செய். உன் 'டைம்லெஸ்' எத்தனை சிடி என்று பார்த்துச் சொல். ஒன்றுதான் என்றால் என் இரட்டையை அனுப்பி வைக்கிறேன், கூடவே உன் 'நியூ ஃபார்ம்ஸை'யும். லேப்டாப்பில் போட்டாய் என்று தெரிந்தால் இரண்டையும் திருப்பி வாங்கிக்கொள்வேன்.

அன்புடன்,
முரளி