401(கே) கணக்கில் கண்ணுக்குத் தெரியாத கட்டணம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்களின் 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பைப் பற்றி எழுதுவோர், நிறுவனம் தன் பங்காகச் சேர்க்கும் தொகையையும் வரிச்சலுகையையும் விரிவாகச் சொல்லிவிட்டு, அந்தப் பணம் போய்ச் சேரும் மியூச்சுவல் ஃபண்டுகள் ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளும் கட்டணத்தைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியைச் சற்று விரித்துச் சொல்லவே இக்கடிதம்.

இந்தக் கட்டணத்துக்கு யாரும் ரசீது அனுப்புவதில்லை. ஃபண்டின் சொத்திலிருந்து அன்றாடம் சிறிது சிறிதாகக் கழிக்கப்பட்டு, மீதியே யூனிட் மதிப்பாக நமக்குக் காட்டப்படுகிறது. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் அறிக்கையில் லாபம் குறைந்திருப்பது தெரியுமே ஒழிய, அதில் கட்டணத்தின் பங்கு எவ்வளவு என்பது தெரியாது. மேலும், செலவு விகிதம் எனப்படும் இந்த ஆண்டுக் கட்டணம் லாபத்தின் மீது கணக்கிடப்படுவதன்று; மொத்த இருப்பின் மீது கணக்கிடப்படுவது. 1 லட்சம் டாலர் இருப்புக்கு 1 சதவீதம் என்றால், சந்தை ஏறினாலும் விழுந்தாலும் ஏறத்தாழ 1,000 டாலர் போய்விடும். ஃபண்ட் 5 சதவீதம் ஈட்டிய ஆண்டில் அது லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

அமெரிக்கத் தொழிலாளர் துறையே தன் கையேட்டில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறது. 25,000 டாலர் வைத்திருப்பவர், மேற்கொண்டு எதுவும் சேர்க்காமல், ஆண்டுக்குச் சராசரி 7 சதவீத வளர்ச்சியில் 35 ஆண்டுகள் விட்டுவைத்தால், கட்டணம் 0.5 சதவீதமாக இருக்கும்போது சுமார் 2,27,000 டாலரும், 1.5 சதவீதமாக இருக்கும்போது சுமார் 1,63,000 டாலரும் கிடைக்கும். "ஒரு சதவீதம்தானே" என்று சொல்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஃபண்ட், ஒரே மேலாளர், ஒரே பங்குகள் என்றாலும், தனிநபர்கள் வாங்கும் சில்லறை முதலீட்டாளர் வகுப்புக்கு ஒரு கட்டணமும், பெருந்தொகை போடும் அமைப்புகளுக்கான நிறுவன வகுப்புக்கு அதைவிடக் குறைந்த கட்டணமும் இருப்பதுண்டு. இந்தியாவில் 2013 முதல் நடைமுறையில் உள்ள 'ரெகுலர்' (விநியோகஸ்தர் வழியாக வாங்குவது), 'டைரக்ட்' (நேரடியாக வாங்குவது) திட்டங்களை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. மலிவான வகுப்பு கிடைக்கக்கூடிய நிலையிலும் சில்லறை வகுப்பைத் தன் 401(கே) திட்டத்தில் வைத்திருந்ததாக எடிசன் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் மீது ஊழியர்கள் தொடுத்த வழக்கில், முதலீடுகளைத் தேர்ந்தெடுப்பதோடு பொறுப்பாளர்களின் கடமை முடிந்துவிடாது, தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டும் என்று 2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

2012 முதல் ஒவ்வொரு ஃபண்டின் செலவையும் சதவீதமாகவும், 1,000 டாலருக்கு எத்தனை டாலர் என்றும் அட்டவணையாக ஆண்டுதோறும் ஊழியருக்குத் தர வேண்டும் என்பது விதி. நம்மவர்களில் பலர் திறக்காமலே அழித்துவிடும் மின்னஞ்சல் இதுதான். பட்டியலில், சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்ட் இருந்தால், அதன் செலவு பல இடங்களில் 0.1 சதவீதத்துக்கும் கீழே இருப்பதை அதில் காணலாம்.

ஊர் திரும்பியவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பணியில் இருந்தவரை நிறுவனமே ஏற்றுக்கொண்ட நிர்வாகச் செலவை, விலகிய ஊழியரின் கணக்கில் மட்டும் பிடித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அதற்காக அவசரப்பட்டுப் பணத்தை எடுத்துவிடுவது சரியன்று. ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால் பொதுவாக வருமான வரிக்கு மேல் 10 சதவீதம் கூடுதல் வரி உண்டு. தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கான ஐஆர்ஏவுக்கு மாற்றலாம் என்றாலும், பெரிய நிறுவனத் திட்டத்தில் கிடைக்கும் நிறுவன வகுப்புக் கட்டணம் அங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டையும் ஒப்பிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

ஓய்வுக்கால ஃபண்டுகளைப் பற்றிய கட்டுரைகளைத் தங்கள் வணிகப் பக்கத்தில் வெளியிடும்போது, ஐந்தாண்டு லாபத்துக்குப் பக்கத்திலேயே செலவு விகிதத்தையும் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
நியூஜெர்சி