லைன் வீட்டு நோட்டு

குடியாத்தம்

அன்பு பாப்பா,

நம்ம லேப்டாப்பிலும் எதிர்வீட்டு லேப்டாப்பிலும் அதே ஐபி எண் (இணையத்தில் மெஷினுக்கு இருக்கும் விலாசம்) 192.168.1.5, இது எப்படி நைனா குழம்பாம இருக்குன்னு நேத்து கேட்டே. சிக்னல் விட்டு விட்டு வந்ததில் நான் சொன்னது பாதிகூட உன் காதில் விழுந்திருக்காது.

நீ பிறந்த லைன் வீடு ஞாபகம் இருக்கா? ஒன்பது குடித்தனம், தெருப் பக்கம் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே கதவு எண். மூணாம் வீடு எல்லா லைனிலும்தான் இருக்கும். தபால் கொடுக்கப் போகும் எனக்கு அதுவா கணக்கு? கதவு எண்தான். 192.168 என்று ஆரம்பிப்பதெல்லாம் அந்த மாதிரி உள் நம்பர். 1990களிலேயே சில எண் வரிசைகளை இதற்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். வெளி இணையத்தில் அவை செல்லாது. பழைய ஐபி முறையில் மொத்த எண்ணே சுமார் 429 கோடிதான், ஆளுக்கு ஒண்ணு கொடுத்தாலே போதாது.

ரவுட்டர், அதான் வீட்டு வைஃபை பெட்டி, அதுதான் வீட்டுக்கார அம்மா. அவங்க ஆணியில் ஒரு நோட்டு தொங்கும், நூலில் கட்டிய பென்சிலோடு. (அதில் எழுதியதெல்லாம் வாடகை பாக்கிதான். நமக்காகக் கொஞ்சம் மாத்திக்கோ.) மூணாம் வீட்டிலிருந்து ஒரு கடுதாசி வெளியே போகுது. அம்மா அதில் உள் நம்பரை அடித்துவிட்டு, கதவு எண் 14, வரிசை 40001 என்று எழுதுவாங்க. நோட்டில் "40001, மூணாம் வீடு" என்று குறிச்சுப்பாங்க. பதில் 40001க்கு வந்ததும் நோட்டைப் புரட்டி மூணாம் வீட்டில் கொடுத்துடுவாங்க. அந்த வரிசை எண்தான் போர்ட். இந்த மொத்த வேலைக்கும் பேர் நாட் (NAT).

செல்போன் டேட்டாவில் பெரும்பாலும் கம்பெனியே இன்னொரு வீட்டுக்கார அம்மா. பல பேருக்குச் சேர்த்து ஒரே வெளி எண்.

நோட்டில் குறிப்பே இல்லாமல் வெளியிலிருந்து ஒண்ணு வந்தால்? யாருக்குன்னு தெரியாது, தூக்கிப் போட்டுடும். அப்படி வருவது உனக்கு வேணும்னா, "இந்த நம்பருக்கு வந்தா மூணாம் வீட்டுக்குக் கொடு"ன்னு ரவுட்டரில் முன்கூட்டியே எழுதி வைக்கணும். அதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

உங்கம்மா அதிரசம் சுட்டு பார்சல் அனுப்பியிருக்கா. ஹாஸ்டல் விலாசம்தான் எழுதினோம், ரூம் நம்பர் விட்டுப்போச்சு. வாட்ச்மேன்கிட்ட இப்பவே சொல்லி வை.

நைனா